ஆப்பிள் வாங்கி வந்தவர்கள்

என் அக்காவுக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று தெரிந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக ஆப்பிள் வந்தது. செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பழக்கடையில் காகிதம் சுற்றி அடுக்கி வைத்திருப்பார்கள். பார்த்துக்கொண்டே போவோம், வாங்கியதில்லை. அந்த வாரம் ஒரு பை வந்தது. மறுநாள் இன்னொரு பை. அப்புறம் ஹார்லிக்ஸ் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், சாத்துக்குடி. கொண்டுவந்தவர்கள் எல்லாரும் அதற்கு முன்பு மாதக்கணக்கில் எங்கள் வீட்டைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவர்கள்.

நிதானமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆப்பிள் என்று எழுதியதுமே அந்த நிதானம் போய்விட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஆறவில்லை. ஆறவேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை.

எண்பதுகளின் முற்பாதி அது. சத்துணவுத் திட்டம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. திருவண்ணாமலை ரோட்டில், கோட்டைக்குப் போகிற வழியில் இருந்த பள்ளிக்கூடத்தில் அக்காவுக்குச் சமையல் வேலை கிடைத்தது. நாங்கள் காலனிக்காரர்கள். நைனா கொத்தனாரிடம் கையாளாக வேலை செய்தார். அம்மா நான் சின்னவளாக இருக்கும்போதே இறந்துவிட்டாள். அக்காவின் புருஷன், என் மாமா, நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் ஏலம் போகிற கமிட்டியில் மூட்டை தூக்குகிறவர். எங்கள் வீட்டில் கவர்மென்ட் வேலை என்று ஒன்று முதலில் வந்தது அக்காவுக்குத்தான். அது முழு கவர்மென்ட் வேலை இல்லை என்று நான் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும்.

"கலெக்டர் ஆபீஸ்லேர்ந்து ஆர்டர் வந்துது இல்ல? அப்ப கவர்மென்ட்டுதான்" என்பாள்.

நான் டீச்சர் டிரெயினிங் முடித்து, எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவிட்டு, வீட்டில் சும்மா இருந்தேன்.

அவள் சமைப்பதை ஊர்த்தெருவில் சிலர் ஆரம்பத்திலேயே விரும்பவில்லை. வெளிப்படையாகச் சொல்ல முடியாது. "எங்க புள்ளைக்கு அந்த அரிசி ஒத்துக்கல" என்பார்கள். சில பிள்ளைகள் வீட்டிலிருந்து தூக்கு கொண்டுவந்து தனியாக உட்கார்ந்து சாப்பிடும். அக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாம்பார் மணம் போய் மூக்கில் ஏறினால் தூக்கு தானாகக் காணாமல் போகும் என்றாள். அவள் சொன்னபடியே ஒவ்வொரு பிள்ளையாகத் தட்டோடு வரிசைக்கு வர ஆரம்பித்தது.

அந்தச் சமயத்தில்தான் தாடை ஓரத்தில் ஒரு முடிச்சு வந்தது. கொட்டைப் பாக்கு அளவு, நாவல்பழ நிறம். அடுப்புச் சூட்டில் வந்த கட்டி என்று நினைத்து மஞ்சள் அரைத்துப் போட்டாள். அது போகவில்லை, பழுக்கவுமில்லை. இன்னொன்று புருவத்தின் மேல் வந்தது. பிறகு காது மடல் இரண்டும் தடித்தன. நெஞ்சிலும் முதுகிலும் சின்னச் சின்னதாக எழும்பின.

"வலிக்குதாக்கா?"

"வலியும் இல்ல, அரிப்பும் இல்ல. தொட்டா ரப்பர் மாதிரி இருக்குது."

நானும் அவளும் செஞ்சியில் ஒரு தனியார் டாக்டரிடம் போனோம். நல்ல கூட்டம். எங்கள் முறை வந்ததும் அக்கா மேஜைக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்காரப் போனாள். அவர் கையைக் காட்டி, "அங்கயே நில்லும்மா" என்றார். நின்றாள். முகத்தை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்றார். திருப்பினாள்.

"காது தடிச்சிருக்குது பாரு. பாத்தாலே தெரியுதே. ஊர்ல யாருக்காச்சும் இருக்கா?"

"இன்னாது சார்?" என்றேன் நான்.

"பெருவியாதி."

அவர் அதைக் குரலைத் தாழ்த்திக்கூடச் சொல்லவில்லை. கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் எங்கள் தெருப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் இருந்தார்கள். நாங்கள் நடந்து வீடு வந்து சேர்வதற்குள் செய்தி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டது.

அந்தக் காலத்தில் தென்னாற்காட்டில் தொழுநோய் அபூர்வமில்லை. சுவரெல்லாம் அதைப் பற்றித்தான் எழுதியிருக்கும், குணப்படுத்தலாம் என்று. எழுதின சுவருக்குச் சொந்தக்காரரே அந்த நோயாளியை வாசலில் நிற்க விடமாட்டார். வாரத்தில் ஒரு நாள் பழைய கட்டடம் ஒன்றில் அதற்கென்று கிளினிக் நடக்கும். செஞ்சி டாக்டர் சீட்டு எழுதி அக்காவை அங்கே அனுப்பினார். அங்கிருந்தவர் அக்காவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, முடிச்சுகளின் மேல் பஞ்சால் தொட்டார். தொட்ட இடத்தையெல்லாம் அக்கா சரியாகக் காட்டினாள். காதைச் சின்னதாகக் கீறி எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டு போனார். அடுத்த வாரம், கிருமி தெரியவில்லை என்றார்.

"அப்ப இல்லதானே?" என்று கேட்டேன்.

"டாக்டர் எழுதி அனுப்பிட்டாருல்ல. சில பேருக்கு லேட்டாத் தெரியும். மாத்திரை போடட்டும்."

உணர்ச்சி போகவில்லை. கிருமியும் இல்லை. ஆனால் ஒருவர் தூரத்திலிருந்து பார்த்து எழுதின சீட்டு இருந்தது. அந்தச் சீட்டுதான் ஜெயித்தது. அக்கா மாத்திரை போட்டாள். ஒரு மாத்திரை சிறுநீரைச் செந்நிறமாக்கியது. இன்னொன்று தோலையே கருஞ்சிவப்பாக்கியது. அந்த மருந்துக்கு அப்படி ஆகும் என்று கிளினிக்கில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் தெருவில் யாருக்கு அதைச் சொல்வது? முகம் கறுக்கக் கறுக்க, "பாத்தியா, முத்திடுச்சி" என்றார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவளை நிறுத்துவதற்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. சத்துணவு அமைப்பாளராக இருந்தது ஒரு சின்ன வயசுப் பெண். கெட்டவள் இல்லை. கேட்டிலேயே அக்காவைப் பார்த்து, "நீங்க கொஞ்ச நாள் லீவ்ல இருங்கக்கா, பெத்தவங்கள்லாம் வந்து ஒரே தகராறு பண்றாங்க" என்றாள். உள்ளே, முன்பு தூக்கு கொண்டுவந்த பிள்ளைகளின் அப்பன்மார் நின்றார்கள். அவர்கள் முகத்தில் பயம் இருந்தது என்று சொல்ல மாட்டேன். நான் பார்த்தேன். ஒரு வருஷமாகச் சொல்ல முடியாமல் வாயில் வைத்திருந்ததைத் துப்ப இடம் கிடைத்த நிம்மதி அது.

அக்காவுக்கு ஒரே பெண். அதே பள்ளிக்கூடத்தில் ஒன்றாவது. அவளைச் சாப்பாட்டு வரிசையின் கடைசியில், மற்றவர்களை விட்டுத் தள்ளி உட்கார வைத்தார்கள். ஒரு நாள் தட்டைக் கழுவாமல் கொண்டுவந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"கொயாத் தண்ணியில கழுவக் கூடாதாம், சித்தி. டீச்சர் சொல்லிச்சு."

நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கத்தினேன். நைனா வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "உனுக்கு நாளைக்கி இங்கதான் வேல போடுவாங்க. வாய மூடிக்கினு வா" என்றார்.

எனக்கு அப்போது ஒரு சம்பந்தம் பேசியிருந்தார்கள். பனமலைப் பக்கம். மாப்பிள்ளைக்கு ஆபீஸ் ஒன்றில் பியூன் வேலை. பூ வைக்கிற நாள் வரைக்கும் பார்த்தாகிவிட்டது. அவர்கள் வரவில்லை. வரமாட்டோம் என்று சொல்லியும் அனுப்பவில்லை. நைனா சட்டை போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை காத்திருந்தார்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கமிட்டியில் மூட்டைக்காரர்கள் எல்லாருக்கும் தண்ணீர்ப் பானை ஒன்று, டம்ளர் ஒன்று. அவரை அந்த டம்ளரைத் தொட வேண்டாம் என்றார்கள். உன் பெண்டாட்டியை அவள் அப்பன் வீட்டில் விட்டுவிட்டு வா, ஒன்றும் சொல்ல மாட்டோம் என்றும் சொன்னார்கள். சொன்னவனை மாமா அடித்துவிட்டார். அதோடு அவருக்குக் கொஞ்ச நாள் மூட்டை கிடைக்கவில்லை. வீட்டில் அக்காவோடு ஒரே தட்டில் சாப்பிட ஆரம்பித்தார். அதற்கு முன் அப்படிச் சாப்பிடுகிறவர் இல்லை. அக்காவே வேண்டாம் என்று தள்ளினாலும் விடமாட்டார். அவர் பேசத் தெரியாத மனுஷன். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கிளினிக்குக்கு வாராவாரம் நான்தான் கூடப் போவேன். அங்கே ஒரு பாய் வீட்டம்மா வருவார். வயசு ஐம்பதுக்கு மேல் இருக்கும். விரல்கள் பாதி மடங்கி, பாதி தேய்ந்து போயிருந்தன. புருஷன் விட்டுப்போய் ரொம்ப வருஷம். தங்கை வீட்டின் பின்கட்டில் இருந்தார். எதிரில் டீக்கடை இருந்தும் கிளினிக்குக்கு வருகிறவர்களுக்கு அங்கே டீ கிடையாது. அதனால் அந்தம்மா ஒரு தூக்கில் டீ கொண்டுவருவார். முதல் நாளே அக்காவைப் பார்த்து, "வா கண்ணு, ஒக்காரு" என்று பக்கத்தில் துணியை விரித்தார்.

அக்கா அன்றைக்கு அழுதாள். நோய் வந்ததிலிருந்து அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அய்வாத. மாத்திர போட்டா நின்னுடும். எனக்கு லேட்டாக் குடுத்தாங்க, அதான் கை இப்டி. ஒனக்கு ஒண்ணும் ஆகாது."

அவர் ஊற்றிக் கொடுத்த டீயை அக்கா குடித்தாள். நானும் குடித்தேன். முதல் வாய் எனக்குத் தொண்டையில் நின்றது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். தெருவில் எங்களைப் பார்த்து மூக்கைப் பொத்தியவர்களுக்கும் எனக்கும் அந்த ஒரு வாயளவுதான் வித்தியாசம். அடுத்த வாரம் தூக்கு எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை போட்டும் முடிச்சுகள் குறையவில்லை. கூடின. தலையில் எலுமிச்சம்பழம் போல ஒன்று வந்தது. முகம் முழுக்கத் தடித்து, கண் சிறுத்து, அவளுடைய முகமாகவே இல்லை. மாதக்கணக்கில் இதைப் பார்த்துக்கொண்டே மாத்திரை கொடுத்தவர்களுக்கு ஒரு நாளும் சந்தேகம் வரவில்லையா? நான் கேட்டபோதெல்லாம் "ரியாக்‌ஷன்" என்றார்கள். கடைசியில் கிளினிக்குக்குப் புதிதாக வந்த ஒரு இளம் டாக்டர், முடிச்சைக் கையால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது அது மாதிரி தெரியல. பாண்டிச்சேரி பெரியாஸ்பத்திரிக்கு இன்னிக்கே போங்க" என்றார். மாத்திரையை நிறுத்தவும் சொன்னார்.

திண்டிவனம் போய் பஸ் மாறினோம். பஸ்ஸில் அக்கா முக்காடு போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள். பாண்டிச்சேரியில் தோல் பிரிவில் ஒரு டாக்டரம்மா. வந்து நின்றதுமே அக்காவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கழுத்து, அக்குள், வயிறு எல்லாம் அமுக்கிப் பார்த்தார். வாயைத் திறக்கச் சொல்லி ஈறைப் பார்த்தார்.

"இதுல எதையாவது யாராவது வெட்டி எடுத்து டெஸ்ட் பண்ணாங்களா?"

"இல்லீங்க."

"எத்தனை மாசமா மாத்திரை சாப்பிடுறீங்க?"

அக்கா சொன்னாள். டாக்டரம்மா பேனாவை மூடித் திறந்து மூடினார்.

முதுகிலிருந்து ஒரு முடிச்சை வெட்டி எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். இடுப்பு எலும்பில் ஊசி போட்டு உள்ளேயிருந்து எடுத்தார்கள். அதற்கு மட்டும் அக்கா கத்தினாள். வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். சில நாள் கழித்து டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"உங்களுக்குக் குஷ்டம் இல்ல" என்று ஆரம்பித்தார்.

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. டாக்டரம்மா அவளைச் சிரிக்க விடாமல் சீக்கிரமாக அடுத்ததைச் சொன்னார்.

"ரத்தப் புற்றுநோய். பிளட் கேன்சர்னு சொல்லுவாங்களே, அது. ஆனா உங்க ரத்தத்துல இன்னும் ஒண்ணும் தெரியல. எலும்பு மஜ்ஜையும் கிட்டத்தட்ட நல்லாத்தான் இருக்குது."

"ரத்தத்துல இல்லாத ரத்தப் புத்துநோயா?" என்றேன். என் குரல் ஏறிவிட்டது. இன்னொரு டாக்டர், இன்னொரு பேச்சு என்று நினைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. "கேக்க வேண்டிய கேள்விதான். ரத்தம் எலும்புக்குள்ள மஜ்ஜையிலதான் ஊறுது. கெட்டுப்போன அணு சாதாரணமா அங்கதான் பெருகும். அப்புறம் ரத்தத்துல கலக்கும். ரொம்ப அபூர்வமா சில பேருக்கு மொதல்ல வெளியில வந்து கட்டியா ஒக்காந்துக்கும். தோல்ல வரலாம், ஈறுல வரலாம், கண்ணுக்குப் பின்னால, முதுகுத்தண்டு பக்கத்துல, எங்க வேணா வரலாம். மஜ்ஜைக்கு அது அப்புறமாத்தான் போகும். உங்க அக்காவுக்குத் தோல்ல வந்திருக்குது."

"மின்னாடியே வந்திருந்தா?"

"முன்னாடி வந்திருந்தா முன்னாடியே மருந்து ஆரம்பிச்சிருப்போம். அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியாது. பொய் சொல்ல மாட்டேன்."

அக்கா கேட்டது ஒன்றே ஒன்று. "இது ஒட்டுமா?"

"ஒட்டாது."

"எம் பொண்ணுக்கு?"

"ஒட்டாதும்மா."

"சரி" என்றாள் அக்கா.

மருந்து ஏற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம் வீட்டுக்குப் போய் வரலாம் என்றார்கள். அந்த வாரம்தான் ஆப்பிள் வந்தது.

சினிமாதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்தக் காலத்துப் படங்களில் பிளட் கேன்சர் அழகான கதாநாயகிகளுக்கு வரும். வெள்ளைச் சேலை கட்டி, இருமி, கைக்குட்டையில் ஒரு சொட்டு ரத்தம் வந்து, எல்லாரும் அழ அழச் சாவார்கள். எங்கள் தெருவுக்கு அது தெரிந்த நோய், கௌரவமான நோய். அது தங்கள் தெருவிலேயே ஒருத்திக்கு வந்துவிட்டது. பெண்கள் கூட்டமாக வந்தார்கள். குழாயடியில் என் குடத்தைத் தள்ளி வைத்தவள் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குஷ்டம் இல்லியாமே! எங்க மாரியாத்தா கண்ணத் தொறந்துட்டா. வயித்துல பால வாத்த" என்றாள்.

செத்துப்போகப் போகிறவளிடம் சொன்னாள் இதை. சந்தோஷமாகச் சொன்னாள்.

"ரத்தம் ரத்தமா வாந்தி எடுக்கிறியா?" என்றாள் இன்னொருத்தி. இல்லை என்று அக்கா சொன்னதும் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பைகளை எடுத்துத் தெருவில் கொட்டப் போனேன். அக்கா தடுத்தாள். "புள்ள துன்னட்டும். அது பாத்ததில்ல" என்றாள். அக்கா மகள் ஒரு ஆப்பிளை இரண்டு கையிலும் பிடித்துக் கடித்தாள். ருசி பிடிக்காமல் பாதியில் வைத்துவிட்டாள்.

மறுநாள் நான் செஞ்சி டாக்டரிடம் போனேன். சீட்டு வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து, என் முறை வந்ததும் உள்ளே போனேன். விஷயத்தைச் சொன்னேன்.

"எந்தப் பொண்ணு?" என்றார்.

அவருக்கு நினைவே இல்லை. நான் அடையாளம் சொல்லச் சொல்ல யோசித்துப் பார்த்தார். பிறகு, "அப்படியா? அது ரொம்ப ரேர். எவனா இருந்தாலும் குஷ்டம்னுதான் சொல்லியிருப்பான்" என்றார்.

இருக்கலாம். பின்னாளில் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டேன். நல்ல டாக்டர்களையே ஏமாற்றுகிற நோய் அது. அவர் தப்பாகச் சொன்னதற்காக இன்றைக்கு எனக்கு அவர்மேல் கோபமில்லை.

"தொட்டுப் பாத்தீங்களா, சார்?" என்றேன்.

"என்னது?"

"தொட்டுப் பாத்துட்டு ரேர்னு சொல்லுங்க. நீங்க எங்கக்காவ ஸ்டூல்லகூட ஒக்கார உடல."

அவர் மணியை அடித்தார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். நோய்க்குப் பயந்து தள்ளி நிறுத்தினாரா, நாங்கள் எந்தத் தெரு என்று தெரிந்துகொண்டு தள்ளி நிறுத்தினாரா என்பது எனக்கு இன்னும் தெரியாது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். பாண்டிச்சேரி டாக்டரம்மாவிடம், இவளுக்குத் தொழுநோய் இல்லை என்று எழுதி வாங்கி, பள்ளிக்கூடத்து நோட்டீஸ் போர்டிலும் பஞ்சாயத்து ஆபீஸிலும் ஒட்டப்போகிறேன் என்றேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.

"இன்னான்னு ஒட்டுவ?"

"ஒனக்குக் குஷ்டம் இல்லன்னு."

"அதனால நானும் மனுஷின்னா?"

"அப்டி இல்லக்கா..."

"அப்டித்தாண்டி. அந்தப் பாய் வூட்டம்மா டீ குடுத்துச்சே. அது வந்து அந்தப் பேப்பரப் பட்ச்சா இன்னா நென்ச்சிக்கும்? இத்தினி நாளு நம்மளோட ஒக்காந்துட்டு, இப்ப நான் அவங்க சாதி இல்லன்னு போர்டு மாட்டிட்டாளேன்னு நென்க்காதா?"

"ஊர் வாய அடைக்க வேணாவா?"

"அவங்க வாய அடைக்கறதுக்கு அந்தம்மா வாய்ல மண்ணப் போடணுமா?"

நான் விடவில்லை. அன்று எங்களுக்குள் பெரிய சண்டை நடந்தது. பாய் வீட்டம்மாவுக்கு உண்மையிலேயே இருந்தது, உனக்கு இல்லை, உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு என்று கேட்டேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அந்தக் காகிதத்தை வாங்கவேயில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் கேட்டதிலும் நியாயம் இருந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். இப்படி ஒரு சண்டையை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தவர்கள் யார் என்பதுதான் என் கேள்வி.

பாண்டிச்சேரியில் மருந்து ஏற்றினார்கள். சிவப்பு நிறத்தில் ஒரு ஊசி. தலைமுடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்காது. மாமா வாராவாரம் வந்து வார்டுக்கு வெளியே மரத்தடியில் தங்குவார். ஆனால் முடிச்சுகள் கரைந்தன. எங்கள் கண்ணெதிரில், ஐஸ் கரைகிற மாதிரி கரைந்தன. தாடையில் இருந்தது தட்டையாகி ஒரு கறை மட்டும் மிச்சம் நின்றது. கண்ணாடி கேட்டாள். பார்த்துவிட்டு, "நம்ம மூஞ்சிதான்" என்றாள்.

டாக்டரம்மா எங்களை ஏமாற்றவில்லை. இது குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, திரும்ப வரலாம், அப்போது உள்ளேயே வரும் என்று சொல்லித்தான் அனுப்பினார்.

ஊருக்கு வந்து கொஞ்சம் தெம்பு வந்ததும் அக்கா நல்ல சேலையாகக் கட்டி, தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்குப் போனாள். நானும் கூடப் போனேன். சமையல் கூடத்தில் ஊர்த்தெருப் பெண் ஒருத்தி அடுப்பெரித்துக்கொண்டிருந்தாள். அமைப்பாளர் பெண் எழுந்து நின்றாள்.

"எப்ப வேலைக்கி வரட்டும்?" என்றாள் அக்கா.

"அக்கா, வேற ஆள் போட்டுட்டாங்களே..."

"குஷ்டம் இல்லன்னு ஊருக்கே தெரிஞ்சிபோச்சே. அப்றம் இன்னா?"

"நீங்க ரெஸ்ட் எடுக்கணும். கேன்சர்ல அடுப்புகிட்டலாம்..."

"ஒட்டாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

"எனக்குத் தெரியுங்கா. ஊர்க்காரங்க மனு குடுத்துட்டாங்க. இவங்களே இருக்கட்டும்னு."

அக்கா அடுப்புப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அதுவும் இல்ல, இதுவும் இல்ல. நான் பொறக்கறப்பவே கூட வந்தது ஒண்ணு இருக்குது. அதுதான். அதுக்கு எந்த ஆஸ்பத்திரிக்கிப் போவட்டும்?"

அமைப்பாளர் பெண் அழுதுவிட்டாள். அவள் அழுகையால் எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்தது. முன்பு தூக்கு கொண்டுவந்த பிள்ளைகளும் ஒன்று விடாமல் வரிசைக்கு வந்திருந்தன. எல்லாரும் தட்டோடு நின்றார்கள். அக்கா மகளும் நடுவில் நின்றாள். அவளை இப்போது தள்ளி உட்கார வைப்பதில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஈறில் ரத்தம் வர ஆரம்பித்தது. உடம்பெல்லாம் நீலத் திட்டு, விடாத ஜுரம். பாண்டிச்சேரியில் பார்த்தபோது இந்தத் தடவை ரத்தத்திலும் இருந்தது, மஜ்ஜையிலும் இருந்தது. மறுபடி மருந்து கொடுத்தார்கள். உடம்பு தாங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி அவளே கேட்டாள். கொண்டுவந்த கொஞ்ச நாளில், ஒரு காலை வேளையில், மாமா மடியில் தலை வைத்தபடி போய்விட்டாள். மகள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தேன்.

சாவுக்கு வந்த கூட்டத்தை எங்கள் காலனி பார்த்ததில்லை. ஊர்த்தெருவிலிருந்துகூட மாலை வந்தது. பள்ளிக்கூடத்துக்கு அரை நாள் லீவ் விட்டார்கள். "பிளட் கேன்சராம், பாவம், சின்ன வயசு" என்று ரோட்டில் போகிறவர்கள்கூட நின்று சொன்னார்கள். பாய் வீட்டம்மா வந்தார். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. மரியாதைக்காக ஒதுங்கவில்லை. மாமா எழுந்து போய் அவரைக் கூட்டிவந்து, அக்காவின் தலைமாட்டில் உட்கார வைத்தார். அந்தம்மா மடங்கின கையால் அக்காவின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துக் கிளம்பிப் போனவர்களும் உண்டு. போகட்டும் என்றிருந்தது.

காரியம் முடிந்து ஒரு மாதத்துக்குள் பனமலையிலிருந்து மாப்பிள்ளையின் பெரியப்பா வந்தார். கையில் பழம். நைனாவுக்கு நாற்காலி எடுத்துப் போடத் தோன்றவில்லை, வந்தவர் நின்றபடியே பேசினார்.

"அப்ப ஏதோ தப்பாப் பேசிக்கினாங்க. இப்பதான் விஷயம் தெரிஞ்சுது. பரம்பர நோவு இல்லன்னு டாக்டருங்களே சொல்றாங்களாம். பையன் இன்னும் அப்டியேதான் இருக்கான். ஒரு நாள் பாத்து வரலாமா?"

நைனா என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஆசை இருந்தது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

நான் கேட்டேன். "எங்கக்காவுக்குக் குஷ்டமாவே இருந்திருந்தா வந்திருப்பீங்களா?"

"அது எப்டிம்மா வர முடியும்?"

"அப்ப வேணாங்க."

அவர் நைனாவைப் பார்த்தார். நைனா தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம், "பொண்ணு சொல்லிச்சே, கேட்டீங்க இல்ல" என்றார். அவ்வளவு நாளில் நைனா என் பக்கம் நின்று சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

அடுத்த வருஷம் எனக்கு வேலை உத்தரவு வந்தது. தொண்டூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். மாமா காலையில் கமிட்டிக்குப் போனால் இருட்டித்தான் வருவார். அதனால் அக்கா மகளை என்னோடு கூட்டிப் போய் அங்கேயே சேர்த்தேன். ஹெட்மாஸ்டர் விவரமெல்லாம் கேட்டு எழுதினார். தாய் இல்லை என்று நான் சொன்னதும் பேனாவை நிறுத்தினார்.

"எதனால இறந்தாங்க?"

"ஒடம்பு சரியில்லாம."

"என்ன ஒடம்பு?"

கேன்சர் என்று சொன்னால் "அடப்பாவமே" என்பார், பிள்ளையின் தலையைத் தடவுவார்; குஷ்டம் என்று சொன்னால் தடவமாட்டார். எனக்குத் தெரியும். அந்த வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது.

"அது எதுக்கு சார்? பிள்ளைய சேத்துக்குங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அக்கா மகளும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் இன்னும் ஒரு வார்த்தை சொல்வேன் என்று அவர் காத்திருந்தார். கடைசியில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.